நாற்பதுக்கு மேல் போகக் கூடாது

பழைய மோட்டார் சைக்கிளை வாடகைக்குக் கொடுத்து, கூடவே போய், ஆட்களை நிதானமாக ஊர் சுற்றிக் காட்டுவது என் தொழில். இந்தத் தொழிலுக்கு நிதானமாகப் போக விரும்புகிறவர்களைத் தவிர மற்ற எல்லாரும் வருவார்கள்.

வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போடுபவராக இருக்கலாம். ஓட்டலில் "இட்லி சூடா இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்பவராக இருக்கலாம். உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் ஏழுமலை. ஊர் கவரைப்பேட்டை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பதினாறு வருஷம் ஷிஃப்ட் பஸ் ஓட்டினேன். கேட்டுக்கு இரண்டு நிமிஷம் பிந்திப் போனால் பஸ்ஸில் இருக்கிற ஐம்பது பேருக்கும் அரை நாள் சம்பளம் போய்விடும். ஐம்பது பேர் வாயிலும் நான் விழுவேன். எளாவூர் செக்போஸ்ட்டுக்கு வரிசை கட்டிப் போகும் லாரிகளுக்கு நடுவில் அந்த பஸ்ஸைச் செருகிச் செருகி ஓட்டியதில் எனக்கு வேகத்தின் மேல் ஒரு வெறுப்பே வந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸை நிறுத்தியபோது கையில் வந்ததை வைத்து ஐந்து பழைய புல்லட் வாங்கினேன். முறைப்படி வாடகை அனுமதியும் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கவரைப்பேட்டையில் நாஷ்டா. அப்புறம் பொன்னேரி, மெதூர், திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு. ஏரிக்கரையில் மதியச் சாப்பாடு. வெயில் தாழத் திரும்புவது. முன்னால் ஒரு வண்டியில் நான். நடுவில் நாலு வண்டியில் வாடிக்கையாளர்கள். கடைசியில் ஸ்பானர், ட்யூப், கயிறு சகிதம் குட்டி யானை டெம்போவில் என் கூட்டாளி, மெக்கானிக் தாஸ். தாஸுக்கு ஊர் ஆரம்பாக்கம். ஆந்திரா அவன் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. அதனால் கலெக்டர் வந்தாலும் அவனுக்கு 'நைனா'தான்.

விதி ஒன்றே ஒன்று. நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவு சின்ன வாக்கியத்தை எத்தனை பேர் எத்தனை விதமாக மிதிக்க முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ப்ரேக் இருக்கும் இடம்

பழைய புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும், ப்ரேக் இடது காலில். இப்போது வருகிற வண்டிகளுக்கு நேர் தலைகீழ். இதை நான் ஒவ்வொருவருக்கும் மூன்று தடவை சொல்வேன், அவர்களையும் திருப்பிச் சொல்ல வைப்பேன். இடது பெடலில் ஒரு சிவப்புத் துணியும் கட்டி வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். நான் சொல்லச் சொல்ல, "எங்க வீட்லயே புல்லட் இருக்கு, நீங்க சாவியக் குடுங்க" என்றார். உங்கள் வீட்டில் இருப்பது புதுசு, இது பழசு என்றேன். "இன்ஜின் ஒண்ணுதானே?" என்றார். சாவியைக் கொடுத்தேன். அங்கேயே நான் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம், சாலையோரம் தர்பூசணி குவித்து வைத்திருந்தார்கள். ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே நின்றது. இவர் 'ப்ரேக்கை' வலது காலால் ஓங்கி மிதித்தார். வண்டி நிற்கவில்லை, அடுத்த கியருக்குப் போனது. பயந்து இன்னொரு தடவை மிதித்தார். அதற்கடுத்த கியர். அப்படியே தர்பூசணிக் குவியலுக்குள் போய்ச் செருகி நின்றார். மனுஷனுக்கு ஒரு கீறல் இல்லை. வாயில் மட்டும் பழச்சாறு. கடைக்காரர் கத்துகிறார், ஆட்டோக்காரர் சிரிக்கிறார், உடைந்த பழத்தையெல்லாம் தாஸ் டெம்போவில் அள்ளிப் போடுகிறான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தூக்கி நிறுத்தினேன். சட்டையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து அவர் சொன்னார்:

"பாஸ், ப்ரேக்கை எல்லாரும் வைக்கிற இடத்துல வைங்க. இல்லன்னா யாராவது அடிபட்டுடுவாங்க."

டிராக்டர்

பொன்னேரி தாண்டிய பிறகு சாலை குறுகும். ஐந்து பழைய வண்டிகள் முப்பத்தைந்தில் 'தடக் தடக்' என்று வரிசையாகப் போகும் அழகை என் மனைவிகூட ஒரு தடவை மொட்டைமாடியிலிருந்து பார்த்துப் பாராட்டியிருக்கிறாள். ஒரு நாள் எங்களுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. வைக்கோல் ஏற்றிய டிரெய்லரோடு எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகத் தாண்டியது. முன்னால் போகிற என் பக்கத்துக்கு வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். மரியாதையாகத் தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"இன்னா நைனா, பாடி முன்னால போய்ட்டுதா, பின்னால வருதா?"

ஒரு பக்கக் காகிதம்

தர்பூசணிக்குப் பிறகு நான் ஒரு காகிதம் அச்சடித்தேன். ஒரே பக்கம். நாற்பதுக்கு மேல் போனால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது, வண்டியை ஒப்படைத்துவிட்டு டெம்போவில் ஏறி வர வேண்டியது. வருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், கீழே நானும் போட வேண்டும். திருவள்ளூரிலிருந்து ஒரு வக்கீல் நண்பர்களோடு வந்தார். எல்லாரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். இவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேஸ் கட்டு படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். இட்லி ஆறியது, இவர் படித்தார். பாராட்ட வேண்டும் என்றே நினைத்தேன், இப்படி ஒரு மனிதராவது பொறுப்பாக இருக்கிறாரே என்று.

மெதூருக்கு முன்னாலேயே அவர் என்னைத் தாண்டிப் போனார். எழுபது இருக்கும். நான் ஹாரனை அடித்து, கையை ஆட்டி, அடுத்த டீக்கடையில் அவர் நின்றபோது போய்ப் பிடித்தேன். "காகிதத்துல இன்னா சார் எழுதியிருக்கு?" என்றேன். அவர் அமைதியாக ஜேபியிலிருந்து தன் பிரதியை எடுத்துப் பிரித்துக் காட்டினார். 'நாற்பது' என்பதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு 'நியாயமான வேகம்' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் அவர் சுருக்கொப்பம். கீழே, சந்தேகத்துக்கே இடமில்லாமல், என் முழுக் கையெழுத்து. டீக்கடைக்காரர் முதற்கொண்டு எல்லாரும் அதை வாங்கிப் பார்த்தார்கள். வக்கீல் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு சொன்னார்:

"எதுல கையெழுத்து போட்டாலும் படிச்சுட்டுப் போடணும் ஏழுமலை. இதுக்கு நான் ஃபீஸ் வாங்கல, வெச்சுக்குங்க."

டவர்

நான் பஸ் ஓட்டிய அதே தொழிற்பேட்டையில், வேறு ஒரு தொழிற்சாலை மேனேஜர். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, வாரம் ஒரு நாளாவது வேலையை மறந்து எங்காவது போங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனைவி என் நம்பரைத் தேடிப்பிடித்து, அழாத குறையாகச் சொல்லி அனுப்பி வைத்தார். மார்கழி மாசம். பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்த சமயம். இவருக்கென்றே சத்தம் குறைந்த வண்டியாகப் பார்த்துக் கொடுத்தேன்.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கவரைப்பேட்டையில் ஆரம்பித்த பேச்சு திருப்பாலைவனத்திலும் நிற்கவில்லை. "லோடு ஏறிச்சா? ஏன் ஏறல? எவன் அவன்?" என்று வயல் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தங்களைத்தான் திட்டுகிறார் என்று நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் இருந்தோம். மூன்று மணி நேரமும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கைப்பிடிச் சுவர் மேல் ஒரு காலை வைத்து, யாரோ ஒரு சூப்பர்வைசரை உரித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் பறவைகள் ஒரே சமயத்தில் எழும்பி, ஏரியே வெள்ளையும் சிவப்புமாகப் புரண்டது. படகுக்காரர்கள்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அவர் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிடலாமா என்று இருந்தது. திரும்பி வந்து வண்டியை ஒப்படைக்கும்போது என் கையைக் குலுக்கினார்:

"ரொம்ப ரிலாக்ஸா இருந்துச்சு ஏழுமலை. அடுத்த தடவை டவர் நல்லா கிடைக்கிற ரூட்டா பாருங்க."

முதலில் வருகிறவருக்குக் கோப்பை

ஒரு கம்பெனியிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவரோடொருவர் பழக வேண்டுமாம், அதற்காக ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். நாலு வண்டி, வண்டிக்கு இரண்டு பேர். எட்டுப் பேரில் மேலதிகாரியான அம்மா பையிலிருந்து ஒரு பித்தளைக் கோப்பையை எடுத்து என் டெம்போவின் பானெட்டில் வைத்தார். முதலில் பழவேற்காடு போய்ச் சேருகிற ஜோடிக்காம். "மேடம், இது பந்தயம் இல்ல" என்றேன். "அப்ப கடைசியா வர்றவங்களுக்கு மட்டும் ஏதாவது தண்டனை வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். நான் நாலு சாவியையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பந்தயம் இல்லை என்று எட்டுப் பேரும் சத்தியம் செய்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். சத்தியம் பொன்னேரி வரை தாங்கியது.

பழவேற்காட்டில் எங்களுக்குச் சமைப்பது கஸ்தூரி. அவள் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர். விடியற்காலையில் அவர் கொண்டுவரும் நண்டைப் பத்து மணிக்குள் உடைத்து, மிளகு அரைத்து, குழம்பு கூட்டி வைத்திருப்பாள். அந்த நண்டைச் சாப்பிட ஒரு மணி நேரம் வேண்டும். ஓட்டை உடைத்து, சதையை உறிஞ்சி, விரலை நக்கிக்கொண்டு சாப்பிட வேண்டும். இவர்களோ சீக்கிரம் திரும்பினால்தான் 'ரிட்டர்ன் ரவுண்டு' ஜெயிக்கலாம் என்று, தட்டைக் கையில் பிடித்து நின்றபடியே சோற்றை மட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டு நண்டை அப்படியே ஓரத்தில் ஒதுக்கினார்கள். பன்னிரண்டு நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கஸ்தூரி எட்டுத் தட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, அவர்கள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னாள்:

"இன்னாண்ணே, இதுங்கள பெத்தவங்க ஒரு வேளையாச்சும் உக்கார வெச்சு சோறு போட்டுக்கிறாங்களா இல்லியா?"

பிரகாஷ்

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்கள் மேல் எனக்கு இருந்த கோபம். இனிமேல் வருவது வேறு.

பிரகாஷ் பொன்னேரியில் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவன். முப்பது வயசிருக்கும். மனைவி கலைவாணியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். ஆரம்பமே சரியில்லை. பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்ப ஒரு முறை உண்டு. கரன்ட் மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, அப்புறம் ஒரே உதை. அவன் தன் தொடையை நம்பினான். எட்டு உதை உதைத்தான், ஒன்பதாவதில் கிக்கர் திருப்பி அடித்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தவனைப் பார்த்துக் கலைவாணி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குத்தான் அன்றைக்கு முழுக்க அவன் பழி வாங்கினான் என்று நினைக்கிறேன். மெதூர் தாண்டியதும் என் பக்கத்தில் வந்தான், ஒரு பார்வை பார்த்தான், முறுக்கிக்கொண்டு போய்விட்டான். பின்னாலிருந்து கலைவாணி அவன் முதுகில் படபடவென்று அடித்துக்கொண்டே போவது மட்டும் தெரிந்தது. ஒரு வளைவில் அதுவும் மறைந்தது.

சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்த சமயம். சாலையில் ஒரு பாதிக்கு நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். அது எனக்குத் தெரியாததா? வாராவாரம் போகிற சாலை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு நெல்லும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை, அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும். முறுக்கினேன். முள் எண்பதைத் தொட்டது. என் வண்டி அதற்கு முன் என் கையில் அந்த வேகத்தைப் பார்த்ததே இல்லை. வளைவு திரும்பியதும் நெல். நெல்லுக்கு நடுவில் காலால் கிளறிக்கொண்டே நடந்து போகும் ஒரு பெண்மணி, முதுகு என் பக்கம். ப்ரேக்கை அழுத்தினேன். நெல் மேல் டயர் உருண்டது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வழுக்கிக்கொண்டு போன வண்டியின் ஹேண்டில் அவள் கையைத் தட்டிவிட்டது. அவள் விழுந்த சத்தத்தை நான் தரையில் கிடந்தபடி கேட்டேன்.

பிரகாஷ் அரை கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தான். குதித்துவிடுவேன் என்று கலைவாணி கத்தியதில் வண்டியை நிறுத்தியிருக்கிறான். அவள் இறங்கி, ஏற மாட்டேன் என்று சாலையோரத்தில் நின்றுகொண்டாளாம். சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். கலைவாணி நேராக அந்தப் பெண்மணியிடம் போய் மடியில் தாங்கிக்கொண்டாள். பிரகாஷ் நெல்லில் நீளமாகக் கிழித்துக்கொண்டு போயிருந்த கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். பிறகு குனிந்து என்னைப் பார்த்துக் கேட்டான். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்:

"ஏண்ணே, நாப்பதுல வந்தா எப்டிண்ணே இவ்ளோ தூரம் இழுத்துக்கினு போவும்?"

யார் இடித்தது?

அந்தப் பெண்மணி பெயர் முனியம்மா. ஐம்பது வயசு. அந்த நெல்லும் அதற்குப் பின்னால் இருந்த வயலும் அவர்களுடையது. வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. எனக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. அவளை டெம்போவில் ஏற்றினோம். அதற்குள் அவள் கணவர் கோவிந்தசாமி வயலிலிருந்து ஓடி வந்தார். பின்னால் நாலைந்து பேர். சற்று முன்னால் ஒருவன் பறந்து போனதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இடித்ததும் அவன்தான் என்று கோவிந்தசாமி நேரே போய்ப் பிரகாஷின் சட்டையைப் பிடித்தார். அவ்வளவு பெரிய உடம்பு, வாயைத் திறக்காமல் நின்றது. தாஸ் என் காதில் சொன்னான்: "வுட்டுடு நைனா. அவன் பண்ணதுக்கு அவனே வாங்கிக்கட்டும். நீ வாயத் தொறக்காத. கேஸு, கோர்ட்டுனு பேஜாரு, அப்பறம் உன் பர்மிட்டு போய்டும்."

உண்மையைச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பண்ணியதால்தானே இது என்று எனக்குள் ஒரு குரல் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் பிரகாஷை அறைந்தார். அவன் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவன் மேல் வந்த கோபம் முழுக்க என் மேல் திரும்பியது. "அவனை வுடுங்க. இடிச்சது நான்" என்றேன். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்புறம் அதையேதான் எழுதிக் கொடுத்தேன். கோவிந்தசாமி சட்டையை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அவர் என்னைச் சுற்றி வந்து, என் சட்டையின் முதுகில் 'மெதுவாகப் போவோம்' என்று நான் அச்சடித்து வைத்திருந்ததைப் படித்தார்:

"வாரா வாரம் இத்த எழுதிக்கினு போவியே, அது நீதானா?"

நெல்

முனியம்மாவுக்கு எலும்பில் கீறல். ஆறு வாரம் கட்டு. கை போனதே என்று அவள் அழவில்லை, நெல் போகிறதே என்றுதான் கத்தினாள். வானம் கருத்துக்கொண்டிருந்தது, மகன் வெளியூரில் வேலையில், ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் நானும் தாஸும் போய் நின்றோம். கோவிந்தசாமி இரண்டு கூடையை எங்கள் காலடியில் போட்டார். நாலு நாள் அங்கே வேலை செய்தோம். கிளறினோம், குவித்தோம், தார்ப்பாயால் மூடினோம், மறுபடி விரித்தோம். சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியும் நெல்லை ஒட்டி உரசிக்கொண்டு பறந்தது. ஒவ்வொன்றையும் நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டிய பிறகு எனக்கே வாய் கசந்தது.

நாலாம் நாள் மதியம் தூறல் விழுந்தது. நெல்லை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். நான் என் வழக்கப்படி பதமாக, ஒரு மணி சிந்தாமல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட கையோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த முனியம்மா எழுந்தே நின்றுவிட்டாள்:

"இன்னாய்யா இவ்ளோ மெதுவா அள்ளிக்கினு கீற! ரோட்டுல காட்டுன வேகத்த இங்க காட்டு, மழ வர்துல்ல!"

குட்டி யானையில் ஒரு சவாரி

கேஸ் நடக்கிறது, பர்மிட் இதுவரை தப்பியிருக்கிறது. ஆனாலும் ஒரு மாதம் நான் வண்டி விடவில்லை. பிறகு கலைவாணி போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் ஊட்டுக்காரனுக்கு என் வண்டி கெடையாதும்மா" என்றேன். "அவருக்கு யாருண்ணே கேட்டாங்க? எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க" என்றாள். மூன்று ஞாயிறு, ரயில்வே லைன் பக்கத்துக் காலி மைதானத்தில் கற்றுக்கொண்டாள். சொன்னதை ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வலது கால் கியர், இடது கால் ப்ரேக், முள் நடுவுக்கு வந்ததும் ஒரு உதை. என்னிடம் இத்தனை பேர் வந்தார்களே, ஒருவராவது இப்படிக் காது கொடுத்துக் கேட்டார்களா என்று அதற்கும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

லைசென்ஸ் எடுத்த பிறகு, முதல் தடவையாகப் பழவேற்காட்டுக்குக் கிளம்பிய அன்று பிரகாஷும் வந்து நின்றான். பின்னால் ஏறப் போனவனை, "நீ டெம்போல வா" என்று சொல்லிவிட்டாள். தாஸுக்குப் பக்கத்தில், டூல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கலைவாணி இருபத்தைந்தில் போனாள். நெல் காயப்போடும் இடத்தில் பதினைந்து. முனியம்மா வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, இறங்கிப் போய்க் கட்டுப் பிரித்த கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் நானும் நிறுத்தினேன். பிரகாஷ் டெம்போவிலிருந்து எட்டி எட்டி ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். அவன் கையைத் தட்டிவிடுவதே தாஸுக்கு வேலையாக இருந்தது. ஏரிக்கரையில் இறங்கியபோது அவன் முகம் சிவந்திருந்தது. "ஒரு மனுஷன் எவ்ளோ நேரம்தாண்ணே பொறுத்துக்கினு வருவான்? கை காலெல்லாம் பரபரன்னு வருதுண்ணே" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கலைவாணி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணும் ஆவாது, கண்ண மூடிக்கினு வா. நாலு வருஷம் உன் பின்னால நான் அப்டித்தான் வந்தேன்."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: வயசாக ஆக வண்டி தன் வேகம் எவ்வளவு என்று ஒப்புக்கொண்டுவிடுகிறது, மேலே உட்கார்ந்திருக்கிறவன் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை, அந்தக் கணக்கில் என்னையும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.